பதின்மூன்றில் ஒன்பது போதும்

அன்பு மகனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று முந்தாநாள் தொலைபேசியில் உன் வாயாலேயே கேட்டுவிட்டேன். நானும் அம்மாவும் எப்படி இருக்கிறோம் என்பதும் உனக்குத் தெரியும். ஆகவே அந்த விசாரிப்புகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். பன்னிரண்டு வருடமாக நான் இருந்த தலைவர் கதிரையை விட்டு எழும்பப் போகிறேன். அதில் உன்னை இருத்துவதற்கு ஆட்கள் எல்லா ஏற்பாடும் செய்து முடித்துவிட்டார்கள், நீயும் ஓம் என்று சொல்லிவிட்டாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் நீ மொன்றியலுக்கு அக்கரையில், லொங்கேயில், உன் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "சரி அப்பா, விடுங்கோ" என்று அந்தக் குரலில் சொன்னால் நான் இளகிப்போய்விடுவேன். எழுதினால் இளகமாட்டேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தபின், இதன் பிரதி ஒன்றை நமது தமிழ் வகுப்புகள் நடக்கிற தேவாலய நிலவறையின் அறிவித்தல் பலகையிலும் குத்தப்போகிறேன். உன்னிடம் சொல்லுவதைச் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வாசிக்கட்டும். ஒளித்துச் சொன்னால் அதற்கும் நாலு கதை கட்டுவார்கள்.

எனக்குக் களைத்துப்போய்விட்டது, மகன். முழங்கால் வலி ஒரு பக்கம், அது கிடக்கட்டும். ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், தேவாலயத்துப் பின்படிகளில் கிடக்கிற பனியை வழித்து, உள்ளே சூடாக்கி வேலை செய்கிறதா என்று கை வைத்துப் பார்த்து, நேற்றைய நிகழ்ச்சிக்காரர் விட்டுப்போன குப்பையைக் கட்டி வெளியே வைத்து, அதற்குப் பிறகுதான் நான் தலைவர். தேவாலயத்தின் காவலாளி, அந்தக் கெபெக்கார மனிசன், பனி வழிக்கும் சவளை என் கையில் தந்துகொண்டே "பொன்ஜூர், மிசியூ லு ப்ரெசிடோன்" என்று, அதாவது வணக்கம் தலைவர் ஐயா என்று, சொல்லிச் சிரிப்பார். பன்னிரண்டு வருடமாக அதே பகிடி. பனியைக்கூடத் தாங்கலாம். ஆண்டு விழாவைத்தான் தாங்க முடியாது. குத்துவிளக்குக்கு ஐந்து முகம்தான் இருக்கிறது, நமது சங்கத்தில் பிரமுகர்களோ ஐந்துக்கு மேல். போன வருடம் ஒருவர், விளக்கேற்றத் தன்னை நாலாவதாகக் கூப்பிட்டார்கள் என்று சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார். அவர் வீட்டுக்கு நான் சோற்றுப் பார்சலோடு பேருந்தில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது, இனிப் போதும் என்று முடிவெடுத்தேன்.

நான் விலகுகிறேன் என்று சொன்ன செய்தி பரவி ஒரு கிழமைகூட ஆகவில்லை. போன ஞாயிறு பின்னேரம் நமது பொருளாளர் சிவபாதம் வீட்டுக்கு வந்தார். நீ அறியாத ஆளில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு நிற்கிற மனிதர், கெட்டவர் அல்ல. அம்மா வைத்த தேத்தண்ணீரைக் கையில் எடுக்கமுதலே சொன்னார்:

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. எல்லாம் கதைச்சு முடிச்சாச்சு. தம்பிதான் அடுத்த தலைவர். தம்பியும் ஓமெண்டிட்டார். முன்மொழியிறது நான், வழிமொழியவும் ஆள் வைச்சிருக்கிறன். பேந்து எல்லாரும் கைதட்டுறதுதான் மிச்சம்."

"வேற ஆரும் கேக்கினமோ?" என்றேன்.

"றீற்றா ரீச்சர் கேக்கப்போறா எண்டு ஒரு கதை அடிபட்டது. தம்பி நிக்கிறார் எண்டால் அவ வாய் திறக்கமாட்டா. உங்கட முகத்துக்கு எதிரா ஆர் அண்ணை கை தூக்குறது?"

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா கட்டினதை மகன் எடுத்து நடத்துறது நல்ல விஷயம்தானே" என்று சொல்லி இன்னொரு வடையை அவருடைய தட்டில் வைத்தா. சிவபாதம் என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

றீற்றா ரீச்சரை உனக்குத் தூரத்தில்தான் தெரியும். மட்டக்களப்பு ஆள். ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலேறி, பிறகு மெற்றோ மாறி, ஒவ்வொரு ஞாயிறும் சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி வகுப்பு எடுக்க நேரத்துக்கு வந்துவிடுவா. அவ கேட்பது இரண்டே விஷயம். பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து கோட்-டெ-நெய்ஜில் அறை எடுத்து இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நமக்கு வந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். அவர்களை வாக்குரிமையோடு அங்கத்தவர் ஆக்கவேண்டும். மற்றது, பிள்ளைகளுக்குத் தமிழைப் பிரெஞ்சு வழியாகவும் விளங்கப்படுத்தவேண்டும், ஏனென்றால் அவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிப்பதே அந்த மொழியில்தான். சிவபாதத்துக்கு இரண்டும் பிடிக்காது. "அவை படிப்பு முடியப் போற ஆக்கள் அண்ணை, வந்து போறவைக்கு என்னத்துக்கு வாக்கு?" என்பார். அது ஒரு வாதம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாதத்தை அவர் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக உன்னைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறார். நீ நின்றால் வாதமே வராது. உன்னை அவர்கள் தேடி வந்ததற்குக் காரணம் அதுதான். உன் கெட்டித்தனத்தைப் பற்றி அன்றைக்கு என் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அது உனக்கு நோகும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நமது ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். கூட்டத்துக்கு முந்திய கிழமை முழுக்கத் தொலைபேசி ஓயாது. யார் தலைவர், யார் செயலாளர், யாருக்கு என்ன சொல்லி ஆற்றுவது, எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நடப்பது கல்யாணத்துக்குப் பிறகு எடுக்கிற படம் மாதிரி. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், "போட்டியில்லாமல், ஏகமனதாகத் தெரிவுசெய்யப்பட்டார்" என்று அறிக்கையில் எழுதுவோம், பிறகு ரோல்ஸ் சாப்பிடுவோம். போட்டி என்று ஒன்று வந்தால் அது அவமானம். யாராவது கையை எண்ணச் சொன்னால் குடும்பத்துக்குள் பொலிஸைக் கூப்பிட்ட மாதிரிப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு எதிராக ஒரு கை எழுந்ததில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பிடிக்காதென்று சொன்னால் பொய். ஆனால் எனக்காக எத்தனை கை எழும்பியிருக்கும் என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏன் இப்படி இருக்கிறோம் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. நாங்கள் பிறந்த நாட்டில் எங்களைக் கையெண்ணித்தான் தோற்கடித்தார்கள். எங்கள் மொழி போனது பாராளுமன்றத்தில் ஒழுங்காக வாக்கு எண்ணித்தான், எங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பறித்ததும் அப்படி எண்ணி வந்த அரசாங்கம்தான். கூடின தொகை எந்தப் பக்கம் என்பது எண்ணமுதலே தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவனுக்குக் கை எண்ணுவதென்றால் பயம் வராமல் என்ன செய்யும். அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் எண்ணவே விடுவதில்லை. ஒரே மனம், ஒரே குரல். மனம் வேறாக இருக்கிறவன் வெளியே போய் இன்னொரு சங்கம் தொடங்குவான், அதிலும் ஏகமனதாகத் தலைவராவான். இந்த மொன்றியலில் எத்தனை சங்கம் அப்படிப் பிறந்தது என்று நீயே பார்த்திருக்கிறாய்.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது என்று எனக்குக் காட்டியது உன்னுடைய புத்தகம்தான். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. நீ கல்லூரியில் அமெரிக்க வரலாறு ஒரு பாடமாக எடுத்தாய். அதே வருடம்தான் சங்கத்துக்கு ஒரு யாப்பு, அதாவது சங்கம் நடத்துகிற சட்டதிட்டம், எழுதச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். யாப்பு இல்லாமல் எந்தத் தமிழன் சங்கம் நடத்தினான்! மாதிரிக்கு ஒன்றும் கிடைக்காமல் உன் மேசையில் கிடந்த அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து, ஆஸ்பத்திரிக் குசினி வேலைக்குப் போகிற பேருந்தில் வைத்து வாசிக்கத் தொடங்கினேன். நீ சோதனைக்கு மஞ்சள் கோடு போட்டிருந்த இடங்களை முதலில் வாசித்தேன். பிறகு நீ கோடு போடாத இடங்கள்தான் சுவையாக இருந்தன.

"அப்பா, நாளைக்கு எனக்குச் சோதனை. புத்தகத்தைத் தாங்கோ. உங்களுக்கு அமெரிக்கா என்னத்துக்கு?" என்று கேட்டாய்.

"யாப்பு எழுதவேணும்."

"அமெரிக்கா மாதிரியோ? எங்கட சங்கத்தில மொத்தமா இருக்கிறதே முப்பது குடும்பம்!" என்று சொல்லிச் சிரித்தாய்.

நான் பதிலுக்கு, அவர்கள் தொடங்கும்போது பதின்மூன்று மாநிலம்தான், நாங்கள் முப்பது, அவர்களைவிடப் பெரிசு என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டு எனக்குக் கடினமான சொற்களுக்கு அர்த்தம் சொன்னாய். அன்றைக்கு எனக்கு வாத்தியார் நீதான்.

அந்தப் பதின்மூன்று மாநிலங்களின் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது இதுதான். அரசனோடு சண்டை பிடித்து வெளியே வந்த அவர்கள் முதலில் எழுதிக்கொண்ட உடன்படிக்கையில், எதையாவது மாற்றவேண்டுமென்றால் பதின்மூன்றும் ஒத்துக்கொள்ளவேண்டும் என்று வைத்தார்கள். நமது சங்கம்தான்! எல்லோரும் ஒரு கொடுமையான கையின் கீழ் இருந்து வந்தவர்கள், இனி எவனும் எங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற பயம். பொது வேலைக்கு இறக்குமதியில் ஒரு வரி போடவேண்டும் என்று வந்தபோது பன்னிரண்டு மாநிலம் ஓம் என்றது. ரோட் ஐலண்ட், இருப்பதிலேயே சின்னது, மாட்டேன் என்றது. அவ்வளவுதான், காரியம் நின்றது. அதை ஒருவிதமாக வேறு வழியில் கொண்டுவந்தால் பிறகு இன்னொரு மாநிலம் முறுக்கிக்கொண்டது. படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, பேச்சுக்குக் குறைவில்லை. பேருந்தில் இருந்து இதை வாசித்துக்கொண்டு நான் தனியே சிரித்தேன், பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தா.

பிறகு அவர்கள் பிலடெல்பியாவில் ஒரு கோடைகாலம் முழுக்க அறைக்குள் இருந்து புதிதாக எழுதினார்கள். வெளியே கதை போகக்கூடாதென்று வாசலில் காவல் போட்டு, அந்தப் புழுக்கத்திலும் சன்னல்களை மூடிக்கொண்டு இருந்தார்களாம். ரோட் ஐலண்ட் அங்கே ஆள்கூட அனுப்பவில்லை. கோபம்! அந்த அறையில்தான் அந்தப் பெரிய காரியம் நடந்தது: பதின்மூன்றும் வேண்டாம், ஒன்பது ஒத்துக்கொண்டால் போதும், அந்த ஒன்பதுக்குள் இது நடைமுறைக்கு வரும் என்று எழுதினார்கள். மற்ற நாலும் எதிரி என்று அதற்கு அர்த்தமில்லை. அவர்கள் மெல்ல வரலாம், வாதாடிவிட்டு வரலாம், திருத்தம் கேட்டுக்கொண்டு வரலாம். கடைசியில், எல்லோருக்கும் பிறகு, அந்த ரோட் ஐலண்டும் வந்து சேர்ந்தது. உரிமைகளையெல்லாம் பட்டியல் போட்டுச் சேர்த்த திருத்தங்கள் வந்ததும் அப்படி எதிர்த்து நின்றவர்களால்தான். எல்லோரும் முதல் நாளே கைதட்டியிருந்தால் அந்தத் திருத்தங்களைக் கேட்க யார் இருந்திருப்பார்கள்?

ஆனால் ஒரு பகிடியும் சொல்லவேண்டும். கடைசி நாளில் அந்த அறையில் இருந்தவர்களில் மூன்று பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். அதை வெளியே எப்படிச் சொல்லுவது? சமர்த்தன் ஒருவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆட்கள் என்று எழுதாமல், "வந்திருந்த மாநிலங்களின் ஏகமனதான சம்மதத்துடன்" என்று முடித்தான். மாநிலமாகப் பார்த்தால் அது சரிதான்! வாசித்தவுடன், ஐயோ இவர்களும் எங்கள் ஆட்கள்தான் என்று நினைத்தேன். நானும் நமது யாப்பில் "தெரிவுகள் ஏகமனதாகவும், அது இயலாதபோது பெரும்பான்மை வாக்கினாலும்" என்று எழுதினேன். அந்த இரண்டாவது பாதியை இன்றுவரை ஒருநாளும் பாவித்ததில்லை.

அவர்களைத் தெய்வமாக்கி எழுதுகிறேன் என்று நினைக்காதே. அந்த அறையில் சுதந்திரம் பேசியவர்களில் பலர் மனிதரை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள். அந்த அடிமைகளை ஆள்தொகைக் கணக்கில் ஒரு ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்காக எண்ணுவது என்று பேரம் பேசி எழுதினார்கள். எண்ணியது எசமானுக்குக் கூடுதல் ஆசனம் கிடைக்க, எண்ணப்பட்டவனுக்கு வாக்கில்லை. நான் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு அதற்காக அவர்கள் ஒரு பெரிய யுத்தமே பட்டார்கள். ஆகவே கை எண்ணுவது எல்லாவற்றையும் நேராக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. யாரை எண்ணுகிறோம் என்பதும் இருக்கிறது. நிலவறையில் நமது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பொதுக்கூட்டம் தொடங்கினதும் வெளியே போய்க் குளிரில் நிற்கிற அந்தத் தமிழ்நாட்டுப் பொடியன்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் சுடுகிறது. போன முறை நான்தான் அவர்களிடம், "தம்பிமார், கொஞ்சம் வெளியால நிக்கிறீங்களோ" என்று சொன்னேன். "பரவாயில்ல சார், நாங்க டிம் கடைல ஒரு காபி குடிச்சிட்டு வர்றோம்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பழைய மொன்றியலில் அந்தக் கல்வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேனே, நீ கால் நோகிறது என்று புறுபுறுத்துக்கொண்டு வந்தாய். அவர்கள் அரசனோடு சண்டை பிடிக்கத் தொடங்கிய புதிதில், அமெரிக்கப் படை இந்த நகரத்தைப் பிடித்து ஒரு குளிர்காலம் இருந்த காலத்தில் அவர்களுடைய தலைமையிடம் அது. அடுத்த இளவேனிலில் பிலடெல்பியாவிலிருந்து ஒரு கிழவர், அச்சுத்தொழில் செய்து பெரிய ஆளானவர், உடம்பு முடியாமல் அவ்வளவு தூரம் இங்கே வந்து, எங்களோடு சேருங்கள் என்று கேட்டார். யாரும் மசியவில்லை. ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனார். ஆனாலும் பிறகு அவர்கள் எழுதிய அந்த முதல் உடன்படிக்கையில், கனடா எப்போது வர விரும்பினாலும் வரலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று ஒரு வரி வைத்தார்கள். மற்ற எவன் வந்தாலும் ஒன்பது மாநிலம் சம்மதிக்கவேண்டும், கனடாவுக்கு மட்டும் கதவு திறந்தபடி. முகத்தில் அடித்தமாதிரி மறுத்தவனுக்குத் திறந்து வைத்த கதவு. நாங்கள் பாடம் சொல்லித் தருகிறவனையே வெளியே நிறுத்துகிறோம்.

போன மார்கழியில் நீயும் நானும் இங்கே சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்த்தோம். அந்த இரண்டாயிரமாம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் முடிந்து கிழமைக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் நீதிமன்றம் சொன்னபிறகு, நாடு முழுக்க எண்ணினால் கூடுதல் வாக்கு எடுத்திருந்தவர் எழும்பி வந்து, நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்னார். உனக்குக் கோபம்.

"கூட வாக்கு எடுத்தவர் ஏனப்பா விட்டுக்குடுக்கிறார்? விசரோ?"

"அவையின்ர யாப்பு அப்பிடி. மாநிலக் கணக்கிலதான் எண்ணுறது" என்றேன்.

"அது பிழையெண்டால்?"

அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டா. பதிலை இப்போது சொல்லுகிறேன். அது பிழையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கோட்டு மாட்டிக்கொண்டு நேராக நின்று தோற்றார். தோற்பது ஒரு வேலை, மகன், அதையும் பழகத்தான் வேண்டும். அவர்களும் ஒரே நாளில் பழகவில்லை. அவர்களுடைய இரண்டாவது ஜனாதிபதி மறுமுறை நின்று தேர்தலில் தோற்றபோது, புதியவர் பதவியேற்கிற நாள் விடியமுதலே வண்டியேறி ஊருக்குப் போய்விட்டார். வென்றவருக்குக் கைகூடக் கொடுக்கவில்லை. ஆனால் போனார். வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கவில்லை, ஆளை வைத்துக் கலாட்டா பண்ணவில்லை, இன்னொரு நாடு தொடங்கவில்லை. கோபித்துக்கொண்டு போன அந்த வண்டி இல்லாவிட்டால் அந்த யாப்பு வெறும் கடதாசிதான்.

அதற்கு முந்தியவர், முதல் ஜனாதிபதி, இரண்டு தடவை இருந்துவிட்டு, நான் களைத்துவிட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்று எழும்பினார். கேட்டிருந்தால் சாகும்வரை இருத்தியிருப்பார்கள். அவருக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை அரசனாக்கிவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் நிம்மதிப்பட்டவர்களும் இருந்தார்களாம். எனக்கு நீ இருக்கிறாய். எனக்கு உலகத்தில் வேறு பெருமையில்லை. ஆனால் இந்தக் கதிரை நான் வாங்கிய தளபாடம் இல்லை, உனக்கு எழுதிவைத்துவிட்டுப் போக. மகன் வரவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. விடியமுதல் வண்டியேறிப் போனாரே, அவருடைய மகனும் பிறகு ஜனாதிபதியானார். ஆனால் இடையில் வேறு மூன்று பேர் இருந்து எழும்பினார்கள், மகனும் போட்டியிட்டு இழுபறிப்பட்டுத்தான் வந்தார்.

உண்மையைச் சொன்னால், உன்னை விலகச் சொல்லி எழுதத்தான் நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இந்த இடத்துக்கு வந்தபோது அது பிழையென்று பட்டது. நீ விலகினால் என்ன நடக்கும்? சிவபாதம் இன்னும் நாலு தொலைபேசி எடுப்பார். சரி, போகட்டும் என்று றீற்றா ரீச்சரையே ஏகமனதாக இருத்துவார்கள். பிறகு ஒருவரும் அவவுக்கு உதவிக்கு வராமல், எப்போது விழுவா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் அதே வியாதிதான். பேனையை வைத்துவிட்டு ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ரீச்சர், ஞாயிறு நீங்கள் தலைவர் பதவிக்குக் கேளுங்கோ" என்றேன்.

"என்ன ஐயா கதைக்கிறீங்க? உங்கட மகனுக்கு எதிரா நான் எப்படி நிக்கிற? பிறகு உங்கட முகத்த எப்படிப் பாக்கிற?"

"என்ர முகத்தைப் பாக்கவேண்டாம். சனத்தின்ர முகத்தைப் பார்த்து, நீங்கள் நினைக்கிறதைச் சொல்லுங்கோ."

"தோத்தா?"

"அடுத்த ஞாயிறு அரிவரி வகுப்புக்கு வாங்கோ."

பிறகு, "நீங்க தனியப் பிரிஞ்சு போகச் சொல்லுவீங்க எண்டு நினைச்சன் ஐயா. எங்கட பக்கத்து ஆக்கள் அதத்தான் சொல்றாங்க. சரி, நிக்கிறன்" என்றா. நமது சங்கம் உடைவதற்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது, நான் பனி வழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே நீ விலகாதே, மகன். நில். சிவபாதத்தின் தம்பியாக நிற்காமல், என்னுடைய மகனாகவும் நிற்காமல், உனக்கு என்ன செய்ய விருப்பம் என்பதைச் சொல்லி நில். அந்தப் பிள்ளைகளுக்கு வாக்கு வேண்டாம் என்று நீ நினைத்தால் எழும்பி ஏன் என்று சொல்லு. ரீச்சர் தன்னுடையதைச் சொல்லட்டும். பிறகு நான் தலைவராகச் செய்கிற கடைசி வேலையாகக் கையை எண்ணுவேன், ஒன்று இரண்டு என்று வாய்விட்டு. சனத்துக்கு வியர்க்கும். வியர்க்கட்டும், வெளியே குளிர்தானே.

அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "நீங்கள் என்ன தேப்பனோ?" என்று கேட்டா. தன்னுடைய கை உனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டா. முப்பது வருடக் கல்யாணத்தில் நாங்கள் இருவரும் வேறு வேறு பக்கம் கை தூக்கப்போவது இதுதான் முதல் தரம். என்னுடைய கை ரீச்சருக்கு. அவ சொல்லுவதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதென்று நான் நம்புகிறேன். உனக்காகத் தூக்கினால் அது பாசம், வாக்கு ஆகாது. நீ முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கையைத் தூக்குவது எனக்குச் சுகமாக இருக்குமென்று நினைக்காதே. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் செய்த எல்லாவற்றையும்விட அதுதான் பாரமாக இருக்கும். நீ வென்றால் முதலில் வந்து உன் கையைப் பிடிப்பவன் நான். தோற்றால் வாசலுக்குப் போகாதே. நேரே ரீச்சரிடம் போய்க் கை கொடு, நான் என்ன செய்யவேண்டும் என்று கேள். அதைச் செய்தாயானால், நமது ஆட்கள் இதுவரை பார்க்காத ஒன்றை உன்னில் பார்ப்பார்கள்.

உனக்கு எதிராகக் கை தூக்கப்போகிற, உன்னில் உயிரையே வைத்திருக்கிற,

அப்பா